பெயர் சுட்டாமையும் தனியுரிமையும்

ஒருவருடைய வாழ்க்கைச் செய்திகளுள் எவற்றைப் பிறர் அறியலாம், எவற்றை அறியலாகாது என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது என்னும் கருத்து இன்று நம் நாட்டில் சட்ட வடிவம் பெற்றுள்ளது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் அண்மைய வடிவமாகும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி ஆகியவற்றோடு மட்டும் இதனைத் தொடர்புபடுத்தி, இது கணிப்பொறியாளரின் கவலை, நமக்கென்ன என்று கவிஞர் பெருமக்கள் ஒதுங்கிவிடுதல் உண்டு. அவ்வாறு ஒதுங்க இயலாது என்பதற்கு வரலாறே சான்று. இங்கிலாந்தில் இவ்வுரிமைக்கு வித்திட்ட வழக்குகளுள் ஒன்று ஒரு கவிஞர் எழுதிய கடிதங்களைப் பற்றியது. இந்தியாவில் இவ்வுரிமைக்குத் தெளிந்த உருவம் தந்த வழக்கு ஒரு தமிழ் வார இதழில் அச்சேறவிருந்த தன்வரலாற்றைப் பற்றியது. எழுதுவோரும் அச்சிடுவோரும் கொண்ட பூசல்களிலிருந்தே இவ்வுரிமை பெரிதும் வளர்ந்தது எனின் மிகையாகாது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் இதனைப் பேச முற்பட்டமைக்கு அதுவே காரணம்.

சொல்லும் மரபும்

பிரைவசி என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகத் தமிழில் எல்லாரும் ஒப்பிய சொல் ஒன்று இன்னும் நிலைபெறவில்லை. அந்தரங்கம் என்பது வடசொல். உள்ளிடம் என்னும் பொருளது. ஆயின் இதழ்களின் வினா விடைப் பகுதிகள் அச்சொல்லின்மீது ஒரு கொச்சை மணத்தைப் பூசிவிட்டன. மறைவுரிமை எனின், மறைக்க ஏதோ குற்றம் இருக்கிறது போலும் என்னும் ஐயம் எழுகிறது. தனியுரிமை என்பது செய்தித்தாள்களில் இன்று பரவலாக வழங்குகிறது. ஒருவரே விற்று ஒருவரே ஆதாயம் காணும் வணிக ஏகபோகத்தையும் இதே சொல்லால் குறித்து வந்தோம் என்பது அதன் குறை. அமெரிக்க நீதிபதி ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்டு, பின்னர் உலகெங்கும் பரவிய தொடர் ஒன்றுண்டு. அதற்கு நம் வீட்டுப் பேச்சில் மிக இயல்பான நிகர் இருக்கிறது. "என்னை என்பாட்டுக்கு விடு" என்கிறோம் அல்லவா? தன்பாட்டில் இருக்க விடப்படும் உரிமை என்பதே அதன் பொருள். எனினும் வழக்கினை நோக்கித் தனியுரிமை என்னும் சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கிறேன்.

சொல் நிலைபெறவில்லை என்பதால் உணர்வும் இல்லை என்று கொள்ளலாகாது. அகத்திணைப் பாடல்களில் ஒருவருடைய பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அங்கு உலவும். களவுக் காதல் வெளிப்படும் நிலையை அம்பல், அலர் என இரண்டாகப் பகுத்ததும் நம் மரபே. வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியத் தூற்றுவது அலர். ஒருவரைப் பற்றிய செய்தி கசிவதற்கும் பரவுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தனித்தனிச் சொல்லால் குறிக்கும் அளவுக்கு அச்சமூகம் அதன் வலியை அறிந்திருந்தது. அலரால் வருந்துபவள் பெரும்பாலும் தலைவியே என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

நெடுநல்வாடை பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. பிரிவால் வாடும் அரசியையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பாடும் அப்பாட்டில் எவர் பெயரும் இல்லை. ஆனால் வேல் ஒன்றின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய பூ. ஆகவே பாட்டுடைத் தலைவன் இன்னான் எனச் சுட்டப்பட்டுவிட்டது. எனவே இது அகமன்று, புறமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். பெயரைச் சொல்லாவிடினும் ஒரு தழை ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை.

இவற்றைக் கொண்டு, ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கண்டனர் என்று மேடையில் முழங்குவாரும் உளர். அது வேண்டா. தொல்காப்பியர் விதித்தது செய்யுள் இலக்கணம். மீறினால் பாட்டு அகத்திலிருந்து புறத்துக்குப் பெயருமேயன்றி, மீறிய புலவர் எவருக்கும் தண்டம் செலுத்தியதில்லை.

கவிஞரின் கடிதங்கள்

1741ஆம் ஆண்டு இலண்டன் நகரில் எட்மண்ட் கர்ல் என்னும் நூல் வணிகர், அலெக்சாண்டர் போப்பும் ஜோனதன் சுவிஃப்டும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களை நூலாக வெளியிட்டார். போப் வழக்குத் தொடுத்தார். கடிதம் என்பது பெறுபவருக்கு அளிக்கப்பட்ட கொடை, அதனை அச்சிட எழுதியவரின் இசைவு எதற்கு என்பது கர்லின் வாதம். ஹார்ட்விக் பிரபு அதனை ஏற்கவில்லை. தாள் பெறுபவருக்குச் சொந்தமாகலாம். அதன்மீது எழுதப்பட்டதை உலகுக்கு வெளியிடும் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்று அவர் தீர்ப்பளித்தார். போப் எழுதிய கடிதங்களுக்கே தடை கிடைத்தது. போப்புக்குப் பிறர் எழுதியவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவற்றை எழுதியவர் அவரல்லர் அன்றோ!

இவ்வழக்கில் சுவையான முரண் ஒன்றுண்டு. ஆறாண்டுகளுக்கு முன், 1735இல், இதே கர்ல் தம் கடிதங்களை வெளியிடும்படி மறைமுகமாக ஏற்பாடு செய்தவர் போப்பே. திருட்டுப் பதிப்பு வந்துவிட்டது எனக் குறை கூறி, அதனைக் காரணமாக்கித் தாமே திருத்திய பதிப்பை 1737இல் கொணர்ந்தார். கவிஞர்க்கு மறைவும் வேண்டும், விளம்பரமும் வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றே போலும்.

ஹார்ட்விக் வகுத்த வேறுபாடு நம் இலக்கிய உலகுக்கும் பொருந்துவது. புதுமைப்பித்தன் தம் மனைவி கமலா விருத்தாசலத்துக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் தலைப்பில் நூலாகியுள்ளன. கடிதத்தைப் பெற்றவரே எழுதியவரின் துணைவியாகவும் இருந்தமையால் அங்குச் சிக்கல் பெரிதில்லை. ஆனால் மறைந்த எழுத்தாளர்கள் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைச் சிற்றிதழ்களில் வெளியிடும்போது, தாளை வைத்திருப்பவரிடம் மட்டுமே இசைவு கேட்கிறோம். எழுதியவரின் வழியினரைக் கேட்பது அரிது. அக்கடிதங்களில் பேசப்படும் மூன்றாமவரைக் கேட்பது அறவே இல்லை.

1849இல் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் தம் குடும்ப மகிழ்ச்சிக்கென வரைந்து செதுக்கிய படங்களின் படிகள் வெளியே கசிந்து, அவற்றுக்கு ஒரு பட்டியல் நூல் அச்சாகவிருந்தபோது, அதுவும் தடுக்கப்பட்டது. இவ்விரு தீர்ப்புகளையும் அடித்தளமாகக் கொண்டு 1890 டிசம்பரில் பாஸ்டன் நகர வழக்கறிஞர்களான சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் ஆகியோர் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினர். கையடக்கமான ஒளிப்படக் கருவியும், வம்புச் செய்தியைச் சரக்காக்கிய நாளேடும் சேர்ந்து வீட்டின் உள்ளறைக்குள் நுழைந்துவிட்டன. உடைமையைக் காக்கும் சட்டம் மனிதரின் உள்ளத்தையும் காக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். தம் மகளின் திருமணத்தைச் செய்தித்தாள்கள் வம்பளந்தமையால் வாரன் சினங்கொண்டு எழுதினார் என ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. 1883இல் மணம் புரிந்தவருக்கு 1890இல் மணவயதில் மகள் இருத்தல் எங்ஙனம்? வழக்கறிஞர்களும் அலர் தூற்றுவர் என்பதற்கு இக்கதையே போதும்.

நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

இந்திய அரசியலமைப்பில் தனியுரிமை என்னும் சொல் இல்லை. 1954இல் சோதனை, பறிமுதல் பற்றிய எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளது போன்ற பாதுகாப்பை நம் அரசியலமைப்புக்குள் இழுத்துவர இடமில்லை என்றனர். எட்டாண்டுகள் கழிந்து வந்தது கரக்சிங் வழக்கு.

கரக்சிங் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தவர். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். விடுவித்த காவல்துறை அவர் பெயரில் ஒரு வரலாற்றுத் தாளைத் திறந்து வைத்தது. அதன்பின் ஊர்க்காவலரும் காவலரும் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவர், கூவி எழுப்புவர், உள்ளே நுழைந்து ஆள் இருக்கிறாரா எனப் பார்ப்பர். வெளியூர் செல்வதாயின் ஊர்க்காவலரிடம் சொல்லிவிட்டே செல்ல வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் உறக்கத்தைப் பற்றிய வழக்கு அது.

1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற என்.ராஜகோபால அய்யங்கார். நள்ளிரவில் வீட்டுக்குள் புகுதல் செல்லாது என அவர் அடித்துரைத்தார். அதே தீர்ப்பில், தனியுரிமை என்பது அரசியலமைப்பு உறுதி செய்த உரிமையன்று. ஆதலால் ஒருவரின் போக்குவரவை வெளியிலிருந்து கண்காணித்தல் குற்றமாகாது என்றும் எழுதினார். மாறுபட்டு எழுதியவர் கே.சுப்பாராவ், ஜே.சி.ஷா அவரோடு உடன்பட்டார். கண்காணிக்கப்படுகிறோம் என்னும் உணர்வே உள்ளத்தில் பூட்டப்படும் விலங்கு என்பது சுப்பாராவின் நோக்கு. அவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்தவரே. ஒரே மன்றத்தில் பயின்ற இருவர் நின்ற அவ்விரு துருவங்களுக்கிடையேதான் அடுத்த 55 ஆண்டுகள் இந்தியச் சட்டம் ஊசலாடியது.

1975இல் கோவிந்த் வழக்கில் நீதிபதி மாத்யூ, அத்தகைய உரிமை உண்டெனக் கொண்டாலும் அது வரையறைக்கு உட்பட்டதே என்று எச்சரிக்கையோடு ஓரடி முன்வைத்தார். முழு அடி வைக்கப்பட்டது 1994இல்.

சிறையில் எழுதப்பட்ட கதை

ஆட்டோ சங்கர் எனப்பட்ட கௌரிசங்கரின் பெயரை 1980களின் இறுதியில் தமிழகத்தில் அறியாதார் இலர். ஆறு கொலைகளுக்காக 1991 மே 31 அன்று செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1992இல் உயர் நீதிமன்றமும், 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. குடியரசுத் தலைவரிடம் கருணை மனு நிலுவையில் இருந்தது.

அந்நிலையில், அவர் 1991இல் சிறையிலிருந்தபோதே சுமார் 300 பக்க அளவில் தம் வாழ்க்கைக் கதையை எழுதி, சிறை அதிகாரிகள் அறியவே மனைவி வழியாகத் தம் வழக்கறிஞருக்குக் கொடுத்தனுப்பினார் என்று 'நக்கீரன்' இதழ் கூறியது. 1994 மே 21 நாளிட்ட இதழில் அக்கதை தொடராக வரும் என அறிவிப்பும் வந்தது. காவல்துறை உயர் அலுவலர் சிலருக்கும் அவருக்கும் இருந்த நெருக்கத்தைக் கதை பேசுவதாகச் சொல்லப்பட்டது. சிறைத்துறைத் தலைவர் ஜூன் 15 அன்று இதழுக்கு மடல் எழுதினார். கைதி அப்படி எதுவும் எழுதவில்லை என மறுத்துள்ளார். கைதியின் எழுத்தை வெளியிடுவது சிறை விதிகளுக்கு முரண். வெளியிட்டால் நடவடிக்கை பாயும் என்பது மடலின் சாரம். அம்மறுப்பு வன்முறையால் பெறப்பட்டது என்றது இதழ். ஆசிரியர் ஆர்.ராஜகோபாலும் துணையாசிரியரும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர்.

ஈண்டுச் சற்றே நின்று நோக்க வேண்டும். அரசு அலுவலர்கள் இங்கு யாருடைய பெயரால் பேசினர்? கைதி விரும்பவில்லை, அவர் எழுதவில்லை என்று கைதிக்காகப் பேசினர். தூக்குமேடையை நோக்கி நிற்கும் ஒருவரின் விருப்பத்தை, அவரைப் பூட்டி வைத்திருப்பவரே வெளியுலகுக்கு எடுத்துரைக்கும் நிலை அது. மறுபுறம், இதழும் கைதியின் விருப்பத்தையே தன் சான்றாகக் காட்டியது. அவரோ வழக்கில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்படவில்லை; மனைவியும் சேர்க்கப்படவில்லை. ஆகவே அவர் எழுதினாரா, இசைந்தாரா என்னும் உண்மை வினாவுக்குள் நுழைய இயலாது எனக் கூறி, நீதிபதிகள் பி.பி.ஜீவன் ரெட்டியும் எஸ்.சி.சென்னும் சட்ட வினாவுக்கு மட்டுமே விடை கூறினர். ஒருவருடைய வாழ்க்கைக் கதைக்கு உரியவர் யார் எனத் தீர்த்த வழக்கில் அவருடைய குரல் மட்டும் ஒலிக்கவில்லை.

1994 அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பின் கருத்துகள் இவை. உயிர் வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் பிரிவுக்குள்ளேயே தனியுரிமை அடங்கியிருக்கிறது. தன்னைப் பற்றியும், தன் குடும்பம், திருமணம், தாய்மை, மக்கட்பேறு, கல்வி முதலியன பற்றியும் பிறர் தன் இசைவின்றி வெளியிடாதவாறு காத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. எழுதப்பட்டது மெய்யா பொய்யா, புகழா இகழா என்பது வினாவன்று. உண்மையைத்தான் எழுதினேன் என்பது விடையாகாது என்னும் இக்கருத்து, மெய்யுரைத்தலையே அறமெனக் கொண்ட எழுத்தாளர் பலர்க்கு அன்று வியப்பளித்திருக்கும்.

விலக்குகளும் கூறப்பட்டன. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இடம்பெற்றுவிட்ட செய்திக்கு இப்பாதுகாப்பு இல்லை. தாமே வலிய ஒரு பூசலுக்குள் நுழைந்தவருக்கும் நிலை வேறு. ஆனால் பொது ஆவணம் என்னும் விலக்குக்கும் ஒரு விலக்கை நீதிபதிகள் வைத்தனர். பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர், நீதிமன்ற ஆவணத்தில் இருப்பினும், இதழ்களில் வெளியிடப்படுதல் ஆகாது. வன்புணர்வுக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதை 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி உண்டு. இருப்பினும், கொலைகாரன் ஒருவனின் கதையை வெளியிடலாமா என்னும் வழக்கில், அக்கதைக்குள் பெயரின்றி இருக்கக்கூடிய பெண்களை நினைத்துப் பார்த்தது இத்தீர்ப்பின் சிறப்பு என்பேன். அகத்திணை விதியோடு இது நெருங்கி நிற்கிறது. வழக்கின் மூன்று தரப்பினரும் பேச மறந்தவர்கள் அப்பெண்கள்.

அடுத்து வருவதே மிக இன்றியமையாத பகுதி. தம் அலுவற் கடமை சார்ந்த செயல்களைப் பற்றிப் பொது அலுவலர் எவரும் தனியுரிமை கோர இயலாது. எழுதப்பட்டது பொய்யென்றே ஆயினும், உண்மையைப் பற்றிச் சிறிதும் கவலையின்றி எழுதப்பட்டது என மெய்ப்பித்தாலன்றி அவருக்கு இழப்பீடு இல்லை. அரசு என்னும் அமைப்பு அவதூறு வழக்குத் தொடுக்கவே இயலாது. அச்சாகும் முன்னரே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அலுவலருக்கோ இல்லை. முடிவாக, பொது ஆவணங்களில் காணும் அளவுக்கு அவ்வாழ்க்கைக் கதையை அவருடைய இசைவின்றியே இதழ் வெளியிடலாம். அதனைக் கடந்து சென்றால் அவருடைய தனியுரிமையில் தலையிட்டதாகும், விளைவை ஏற்க வேண்டும் என்றது மன்றம்.

ஆள் வேறு, பதவி வேறு என்று கோடு கிழித்தமையே இத்தீர்ப்பின் சாதனை. வலியவர் தம் செயலை மறைக்க எளியவரின் கேடயத்தைக் கடன் வாங்கக்கூடாது என அது தடுத்தது. தீர்ப்பு வந்து ஏழு திங்கள் நிறைவுறும் முன், 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார்.

இக்கோடு விரைவில் சோதனைக்கு உள்ளாயிற்று. குஷ்வந்த் சிங் எழுதிய தன்வரலாற்றின் ஒரு பகுதி 1995இல் இதழொன்றில் வெளிவந்ததும் மேனகா காந்தி தில்லி உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். 2001இல்தான் அத்தடை நீங்கியது. 2002இல் நூல் வெளிவந்தது. தடையை நீக்கிய அமர்வு சென்னையில் முளைத்த அத்தீர்ப்பையே துணைக்கொண்டது. ஆயினும் ஒரு முதிய எழுத்தாளர் தம் கைப்பிரதியோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சட்டத்தில் முன்தடை இல்லை எனினும் நடைமுறையில் காலத்தாழ்வே தடையாகிவிடும்.

ஒன்பதின்மர் தீர்ப்பும் புதிய சட்டமும்

1994 தீர்ப்பு இரு நீதிபதிகளுடையது. 1954, 1962 தீர்ப்புகள் முறையே எண்மர், அறுவருடையவை. இந்த எண்ணிக்கைக் கணக்கு வெளித்தோற்றத்தில் வறண்டது. ஆனால் 2015இல் அதுவே வாளாயிற்று. ஆதார் திட்டத்தை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி 2012இல் தம் 86ஆம் அகவையில் தொடுத்த வழக்கில், இந்தியக் குடிமக்களுக்குத் தனியுரிமை என்னும் அடிப்படை உரிமையே இல்லை, பெரிய அமர்வுகளின் தீர்ப்பே செல்லும் என்று ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் வாதிட்டார். ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தனர். 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பதின்மரும் ஒரே முடிவாக, தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். கரக்சிங் வழக்கின் பெரும்பான்மைக் கருத்து தனக்குத்தானே முரணானது எனத் தள்ளப்பட்டது. சுப்பாராவின் சிறுபான்மைக் குரல் வென்றது. அதைக் கேட்க அவர் இல்லை; 1976இலேயே மறைந்துவிட்டார்.

அதன் தொடர்ச்சியாக வந்ததே 2023ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் 18 திங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என அப்போது அறிவிக்கப்பட்டது. ஒருவரைப் பற்றிய தரவைத் திரட்டும் நிறுவனம், எதற்காகத் திரட்டுகிறது என அறிவித்து இசைவு பெற வேண்டும். நோக்கம் நிறைவேறியதும் அழிக்க வேண்டும். தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை செல்லும். தமிழாசிரியர் என்னும் முறையில் எனக்கு மகிழ்ச்சி தந்தவை இரண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் விரும்பியதில் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும்; எனவே தமிழிலும் கேட்டுப் பெறலாம். அம்மொழிபெயர்ப்பு எவ்வளவு விளங்கும் என்பது வேறு செய்தி. மற்றொன்று, ஆண்பாற் பெயரால் அனைவரையும் குறிக்கும் சட்டநடையை விடுத்து, இச்சட்டம் அனைவரையும் அவள் என்றே சுட்டுகிறது. அலருக்கு மிகுதியும் ஆளானவள் பெயரால் சட்டம் எழுதப்பட்டமை பொருத்தமே.

தனிநபர் தரவு எது என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம், ஒருவரை அடையாளம் காண இடந்தரும் எந்தச் செய்தியும் என்பதாகும். பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. நச்சினார்க்கினியர் வேப்பந்தழையில் கண்டதும் இதுவே. பிறந்த நாள், அஞ்சல் குறியீட்டெண், வாங்கிய மருந்து என்னும் மூன்று தழைகளைச் சேர்த்துக் கட்டினால் ஆள் யாரென்பது தெரிந்துவிடுகிறது. கதையில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஊரையும் தெருவையும் தொழிலையும் அப்படியே வைக்கும் புனைகதையாசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

குறைகளும் உள. அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு அறிவிக்கை வழியாக முழு விலக்கு அளித்துக்கொள்ளலாம். ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் விலக்கு உண்டு. இதழியலுக்குத் தனி விலக்கு இல்லை. எல்லாவற்றினும் கவலை தருவது தகவல் உரிமைச் சட்டத்தில் அது செய்த மாற்றம். 2005ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பணியோடு தொடர்பற்ற அல்லது தனியுரிமையில் தகாத தலையீடாகும் செய்தியையே மறுக்க இடந்தந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க இயலாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்றும் கூறியது. அவ்வரிகள் நீக்கப்பட்டு, தனிநபர் பற்றிய செய்தி என்றாலே மறுக்கலாம் என 2025 நவம்பர் முதல் சுருக்கப்பட்டுள்ளது. பொதுநலன் மிகுமாயின் வெளியிடலாம் என்னும் வேறொரு உட்பிரிவு இன்னும் இருக்கிறது என்று அரசு விடை கூறுகிறது. இருக்கிறது, ஆனால் அதனை எடைபோடும் துலாக்கோல் முதற்கண் அலுவலர் கையிலேயே இருக்கிறது. ஓர் ஒப்பந்தக்காரரின் பெயரும், ஓர் அலுவலரின் சொத்துக் கணக்கும் தனிநபர் செய்தியே என மறுக்கப்பட்டால், 1994இல் ஆளுக்கும் பதவிக்கும் இடையே கிழிக்கப்பட்ட கோடு மங்கிவிடும். சிறைத்துறைத் தலைவரின் மடல் புதிய தாளில் வந்ததாகவே அதனைக் கருத வேண்டியிருக்கும்.

நம்மைப் போன்ற சிற்றமைப்புகளும் சில வினாக்களை எதிர்கொள்கின்றன. இலக்கிய வட்டங்களின் மலர்களில் இறுதிப் பக்கங்களை உறுப்பினரின் முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும் ஒதுக்குதல் நெடுநாள் வழக்கம். கவிஞர் ஒருவரைத் தேடிச் சென்று காண அப்பட்டியலே வழிகாட்டியாக இருந்தது. அதனால் விளைந்த நட்புகள் பல. இன்று அப்பட்டியல் கணிப்பொறியில் தொகுக்கப்படுகிறது. அதன் ஒரு படி எங்கெங்கோ செல்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும், குறிப்பாகத் தனித்து வாழும் பெண் கவிஞர்களிடம், கேட்ட பின்னரே அச்சிடுவது சட்டம் வற்புறுத்தினும் வற்புறுத்தாவிடினும் முறை என்றே கருதுகிறேன்.

இறந்தாரின் நிலை என்ன என்னும் வினா எஞ்சுகிறது. மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்தையும் தொடரையும் எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவருடைய தனியுரிமை அவரோடு மறைந்துவிடும். வழியினர் அதனைப் பெறுவதில்லை என 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023ஆம் ஆண்டுச் சட்டமோ சிறு வாயில் ஒன்றைத் திறந்துள்ளது. தமக்குப் பின் தம் தரவின்மீதான உரிமைகளைச் செலுத்த ஒருவரை இப்போதே பெயர் குறித்து அமர்த்தலாம் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. அது கணிப்பொறியில் உள்ள தரவுக்கு மட்டுமே பொருந்தும். பரணில் கிடக்கும் கையெழுத்துப் படிகளும், அடித்துத் திருத்திய கவிதை நோட்டுகளும், கட்டி வைத்த கடிதங்களும் அதில் அடங்கா. அவற்றை யாரிடம் ஒப்படைப்பது, எவற்றை எரித்துவிடுவது என்பதைக் கவிஞர்கள் தனியே எழுதி வைக்க வேண்டும்.